மதாமுக்கு ரெண்டு போல்ட்

“எத்தனை வருஷமா பாய் இந்தத் தொழில் பண்றீங்க? ஒரு நட்டைக் கழட்டத் தெரியலையா?”

வில்லியனூர் ரோட்டில், உச்சி வெயிலில் நின்றுகொண்டு ஜாஸ்லின் கத்தினாள்.

மெக்கானிக் யாகூப் தலை நிமிரவில்லை. அவர் கையில் காரின் வீல் போல்ட் இரண்டு, கழுத்தொடிந்து கிடந்தன.

“கை தவறிடுச்சும்மா. வேகமாத் திருப்பிட்டேன். என் தப்புதான்.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? இந்த வண்டிக்கு போல்ட் எங்க போய் வாங்குறது?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அது அவளுடைய மாமனார் லூயிஸ் வைத்திருந்த பழைய பிரெஞ்சு கார். ஆகாய நீலம். பிரெஞ்சுச் சீமாட்டி என்று வீட்டில் அதற்குப் பேரே மதாம்தான். அவர் காலமானதும் உறை போட்டு மூடியதோடு சரி. ஜாஸ்லினின் கணவன் நெல்சனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை வியர்த்துவிடும்.

ஜாஸ்லின் லைசென்ஸ் வாங்கிய அன்று, மாமியார் இருதயமேரி மாதா படத்துக்குக் கீழே தொங்கிய சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ, பாப்போம்.”

முதல் பயணம். கோயிலிலிருந்து திரும்பும்போது இடது பக்கம் முன்சக்கரம் பஞ்சர்.

ஜாஸ்லின் தானே கழட்டிப் பார்த்தாள். ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தாள். ஒரு நட்டும் அசையவில்லை. பின்சீட்டில் அத்தை ஜெபமாலையைப் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப மனசில்லாமல், மாமனார் காலத்திலிருந்தே மதாமைப் பார்த்துக்கொண்ட யாகூப் பாய்க்கு போன் போட்டாள். அவர் வந்து உட்கார்ந்து திருப்பினார். போல்ட் ஒடிந்தது.

மிச்சமிருந்த போல்ட்டில் ஸ்டெப்னியை மாட்டி, நடக்கிற வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள். சாவி மறுபடி மாதா படத்துக்குக் கீழே போய்விட்டது.

“சென்னையிலேர்ந்து ஒருத்தர் இதக் கேட்டுக்கிட்டே இருக்கார்,” என்றான் நெல்சன். “போல்ட் கெடைக்கலன்னா அவருக்கே குடுத்துடலாம்.”

இருதயமேரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

யாகூப் அலைந்தார். பெரிய மார்க்கெட் பக்கத்துப் பழைய இரும்புக் கடை, விழுப்புரம், கடலூர். ஒடிந்த போல்ட்டை நீட்டினால் கடைக்காரர்கள் உருட்டி உருட்டிப் பார்ப்பார்கள்.

“இந்த வண்டியெல்லாம் இன்னும் உசுரோட இருக்கா பாய்?”

மத்தியானம் வேலை முடிந்ததும் ஜாஸ்லின் மதாமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடி மேல் வேப்பமர நிழல் ஊர்ந்தால் வண்டியே ஊர்கிற மாதிரி இருக்கும். காலாப்பட்டு ரோடு. ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் கடல். பக்கத்தில் அத்தை, முந்தானை பறக்க. ரோடு முடியவே முடியாது. கடைசியில் அடுப்படியில் குக்கர் விசிலடித்து அவளை இறக்கிவிடும்.

“கெடைக்காதும்மா. தட்டாஞ்சாவடியில லேத்துல குடுத்துக் கடைஞ்சுதான் எடுக்கணும்,” என்றார் யாகூப்.

“நானும் வர்றேன். உங்கள நம்பி அனுப்புறதுக்கில்ல.”

லேத் பட்டறைக்காரர் ராஜவேல் ஒடிந்த போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எதிர் மரை. இடது பக்கச் சக்கரத்துக்கு மட்டும் இப்படி வச்சிருப்பான். மத்த நட்டு மாதிரி கழட்டப் போனா கழலாது, இன்னும் இறுகும்.”

ஜாஸ்லின் நிமிர்ந்தாள்.

“கழுத்துல முறுக்கு ஏறியிருக்கு பாருங்க. இது கையால திருப்புன வேலை இல்ல. ஸ்பேனர் மேல ஏறிக் குதிச்சிருக்கணும். அதுல நைஞ்சு போனது, அப்புறம் தொட்டதும் ஒடைஞ்சிருக்கு. யாரு பாய் அந்தப் பயில்வான்?”

“நான்தாம்பா,” என்று சிரித்தார் யாகூப். “நீ மரைய ஒழுங்காப் போடு.”

ஜாஸ்லினுக்குக் காது சுட்டது. வெளியே வந்ததும் கேட்டாள்.

“ஏன் பாய்? நடுரோட்டுல அவ்வளவு பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மன்னிச்சிடுங்க பாய்.”

“லூயிஸ் அண்ணன் என்னைப் பேசாத பேச்சாம்மா? விடு.”

“இல்ல. அத்தைகிட்ட நான் உண்மையச் சொல்லிடுறேன்.”

“சொல்லு, சொல்லு,” என்றவர் ஏனோ இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

புது போல்ட்டில் சக்கரம் உட்கார்ந்ததும் ஜாஸ்லின் மாமியார் முன்னால் போய் நின்றாள். இனி சாவி கைக்கு வராது என்று நினைத்துக்கொண்டேதான் பேசினாள்.

“அத்தை, போல்ட்ட ஒடைச்சது பாய் இல்ல. நீங்க தூங்குறப்ப நான்தான் ஸ்பேனர் மேல ஏறி...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பழிய ஏத்துக்கச் சொல்லி யாகூப்புக்குக் கண்ணைக் காட்டினதே நான்தான். உன்னாலன்னு நெல்சன் காதுல விழுந்திருந்தா, மதாம் அன்னைக்கே சென்னைக்குப் போயிருப்பா. பாவம், யாகூப்தான் உன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். இன்னைக்கு முதல் சவாரி அவனுக்குத்தான்.”

இருதயமேரி சாவியை எடுத்து மருமகள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“அப்ப நீங்க தூங்கவே இல்லியா அத்தை?”

“எங்க தூங்குறது? நீ குதிக்கக் குதிக்க வண்டி தொட்டில் மாதிரி ஆடுச்சு. கண்ணத் தொறந்தா நிறுத்திடுவியேன்னு மூடியே வச்சிருந்தேன்.”