ஆணிப்புளி

கட்டைக்குள் ஆணி இருந்தால் காதை வைத்தே சொல்லிவிடுவான். எந்தச் சந்தையில் வாங்கிய ஆணி, அடித்தவன் வலக்கையனா இடக்கையனா என்பது வரைக்கும்.

அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். முப்பது வருஷமாக.

இவன் விறகு பிளக்கிற கடையில் ஒருத்தரும் நம்பியதில்லை. இவன் கோடாலியை ஓங்கியதைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு கருவேலங்கட்டை பயந்துபோய்த் தானாகவே பிளந்துகொண்டதாகவும் ஒரு கதை உண்டு. அதையும் இவன்தான் சொன்னான்.

பிளக்கிற மெஷின் வந்து இறங்கியபோதும் அந்த வாய் குறையவில்லை.

"நான் ஒரு கொட்டாவி விடுற நேரத்துல பிளக்கிறதை இது பகல் பூரா பிளக்குது."

மெஷின் ஓட்டுகிற சகாயம் சிரித்தான். "கொட்டாவியை நிறுத்திராதீங்க அண்ணாச்சி. பெல்ட்டாவது தேயாம இருக்கும்."

போன வாரக் காற்றில் ஆணிப்புளி சாய்ந்தது. இன்றைக்குத் துண்டு துண்டாக லாரியில் வந்து சேர்ந்தது.

பேய் பிடித்தவர்களின் உச்சிமுடியை வைத்து ஆணி அடிக்கிற புளியமரம். அடிமரத்தில் மரத்தைவிட இரும்பு அதிகம்.

முதல் துண்டை மெஷினில் வைத்ததும் ஓர் ஆணி தெறித்துத் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது.

"பேய்க்கட்டை," என்றான் சகாயம். "என் கண்ணு எனக்கு வேணும்."

மிச்சத்தைக் காலால் உருட்டிவிட்டு, மெஷினுக்கு வேறு கட்டை கொடுத்தான்.

உருண்டு வந்தவை இவன் முன்னால் நின்றன.

வாய்ச்சவடாலுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. இவன் வாயைத் திறக்கவில்லை.

அந்த மரத்தில் இவனும் ஓர் ஆணி அடித்திருக்கிறான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகளின் முடியோடு.

மாரிக்கனிக்கு அப்போது பத்தொன்பது வயசு. கடைக்குச் சோறு கொண்டுவந்தவள் அழுதுகொண்டே வீடு திரும்பினாள். விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்துத் தன் வாயைப் பொத்தியது முதலாளியின் மச்சினன் தவசி என்றாள். மிச்சத்தையும் சொன்னாள்.

பெற்றவள் நம்பினாள். தெருப் பெண்கள் நம்பினார்கள். சுமை தூக்குகிறவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நம்பாத ஆள் இவன் ஒருவன்தான்.

தவசி ஐயாதான் இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். இவன் கல்யாணத்துக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவர்.

பேசுவது பிள்ளை இல்லை, உள்ளே இருந்து ஏதோ பேசுகிறது என்று பேயோட்டுகிற கோடாங்கியிடம் இழுத்துக்கொண்டு போனான்.

கோடாங்கி கணக்காகச் சொன்னார். "பேயாயிருந்தா வருஷத்துக்குள்ள முடியைத் தின்னுரும். ஆணி மட்டும்தான் மிஞ்சும். பேய் இல்லேன்னா முடி அப்படியே கெடக்கும்."

ஆணியை இவனே அடித்தான். கோடாலியின் பின்புறத்தால்.

அடுத்த மழைக்குள் பட்டை மூடிக்கொண்டது. இவனுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அன்றிலிருந்து மாரிக்கனி இவனிடம் ஒரு சொல் பேசியதில்லை. தாய் இறந்தபிறகு அவள்தான் சோறு ஆக்குகிறாள். மதியம் தூக்குவாளியைக் கடைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். உள்ளே காலெடுத்து வைப்பதில்லை.

கட்டைகளைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்தான்.

மூன்றாவது கட்டையில் ஓர் இடம், தட்டினால் பதில் சொல்லவில்லை. தன் ஆணி அங்கேதான் என்று காது சொன்னது.

அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனான். பிளக்க ஒரு நொடி ஆகும். நாரும் முடியும் சேர்ந்து நசுங்கி யார் வீட்டு அடுப்புக்கோ போய்விடும். ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

சகாயம் கையை விரித்தான். இரைச்சலில் அவன் உதடுதான் தெரிந்தது.

"முடியாதுன்னா முடியாது அண்ணாச்சி."

திரும்பி வந்தான்.

ஆப்பை வைத்து அடித்தான். கையால் பிளக்கும்போது மரம் ஒரேயடியாக விடாது. ஒவ்வொரு நாராக விடும். கண் அங்கேயேதான் இருக்கவேண்டும்.

கட்டை விரிந்தது.

தலை சப்பிப்போன ஓர் ஆணி. இவன் அடித்ததுதான்.

ஆணியைச் சுற்றி முடி. கருகருவென்று, எண்ணெய் மினுமினுப்போடு. ஊதா ரிப்பனின் ஒரு துணுக்குகூட அப்படியே இருந்தது.

பேய் ஓர் இழையைக்கூடத் தின்னவில்லை.

தராசுப் பக்கம் தவசி ஐயா நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டில் மாரிக்கனி தூக்குவாளியை மாட்டினாள்.

"தாயி."

மெஷின் அதை விழுங்கியது.

மறுபடியும் கூப்பிட்டான். முப்பது வருஷம் ஊரைக் கூட்டிய தொண்டை. தன் காதுக்கே எட்டவில்லை.

அவள் திரும்பி நடந்தாள்.

அந்த மெஷினை இவன் விரலால் தொட்டதில்லை. போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

கடை செத்ததுபோல் ஆனது.

சகாயம் பார்த்தான். சுமைக்காரர்கள் பார்த்தார்கள். தவசி காலை ஆட்டுவதை நிறுத்தினான்.

கேட்டுக்கு வெளியே அவளும் நின்றாள். திரும்பவில்லை.

ஆணியோடு முடியைத் தூக்கிப் பிடித்தபடி, கேட்டைப் பார்த்துச் சொல்லவேண்டியதைத் தவசியைப் பார்த்துச் சொன்னான்.

"நடந்துருக்கு தாயி. நீ சொன்ன அம்புட்டும் நடந்துருக்கு."