ஒரு கையெழுத்து பாக்கி

“கதவைச் சாத்துங்க தம்பி, சூடெல்லாம் வெளிய போகுது. முதல்ல டீயைக் குடிங்க, அப்புறம் பேசிக்கலாம்.”

மியாக்மார் குனிந்து கூடாரத்துக்குள் நுழைந்தபோது பெரியவர் அடுப்புக்குள் கரியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே உலான் பத்தூர் நகரம் மைனஸ் இருபத்தெட்டில் விறைத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமைகளில் மியாக்மாரின் கார் எண்ணுக்கு ஊருக்குள் ஓடத் தடை. பஸ் ஏறி, எட்டு கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடந்து வந்திருந்தான். நடந்திருந்தால் சீக்கிரமே வந்திருக்கலாம், மூக்கு மட்டும் குளிரில் வழியிலேயே உதிர்ந்திருக்கும்.

உப்புப் போட்ட பால் டீ உள்ளே இறங்கியதும் தான் யார் என்பதைச் சொன்னான். கட்டட நிறுவனத்து ஆள். இந்த மேட்டில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. இங்கே இருந்த நாற்பது குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டன. கட்டடத்தின் படம் போட்ட ஒரு பெரிய போர்டும் இந்த ஒற்றைக் கூடாரமும்தான் மிச்சம். இங்கே ஒரு கையெழுத்து பாக்கி. அது இன்றைக்குக் கிடைக்காவிட்டால் நாளை முதல் வேலைக்கு வராதே என்று டைரக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மனைவிக்கு வேலை இல்லை. அதையும் வெட்கப்படாமல் சொன்னான்.

“அப்போ இங்க இன்னும் ஒண்ணுமே கட்டலையா தம்பி?” என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

“கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்கூட வைக்க முடியாதே ஐயா. வேணும்னா ஊருக்கு அந்தப் பக்கம் வேற நல்ல இடமா பாத்துத் தரோம்.”

“வேற இடமா? எனக்கு இந்த இடம்தான் வேணும். இருநூறு ஆட்டையும் பதினோரு குதிரையையும் இதுக்காகத்தான் வித்தேன். இனிமே சாவும் வாழ்வும் இங்கதான்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன்.”

மந்தையை விற்றுவிட்டுத் தலைநகரம் வந்தவர்களை மியாக்மாருக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய அப்பாவே அப்படி வந்தவர்தான். அவர்களிடம் கையெழுத்து வாங்குவது குதிரைக் கொம்பு. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவம் பார்த்தால் நாளைக்கு அடுப்பு எரியாது.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மியாக்மார் விடவில்லை. எதிராளியை மறுக்க விடாமல் பேசிக்கொண்டே போவதுதான் அவனுடைய தொழில் தர்மம். புதுக் கட்டடத்தில் மூன்று அறை வீடு தருகிறோம் என்றான்.

“மூணா? ரெண்டுன்னுதானே சொன்னாங்க?”

“உங்களுக்காக மூணு.”

பெரியவரின் முகம் மலர்ந்தது. குழாயில் வெந்நீர் நிஜமாகவே வருமா என்று விசாரித்தார். வரும். ராத்திரியில் கழிப்பறைக்குப் பனியில் ஓட வேண்டாமா? வேண்டாம். பஸ்? வாசலிலேயே நிற்கும், புது ரோடு போடப் போகிறார்கள். கரி மூட்டை தூக்க வேண்டாம், தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். கேட்கக் கேட்கப் பெரியவர் ஊர்த் திருவிழாவில் நிற்பவர்போல ஆகிவிட்டார். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று மியாக்மாருக்கு உற்சாகம் பிறந்தது.

மீதிக் கிணற்றையும் தாண்ட, மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினான். வீட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் நூற்றுப் பதினெட்டு பேர். அவர்களுக்கு மாதாமாதம் கடிதம் போக வேண்டும். எழுதுகிறவன் அவனேதான். மார்ச் மாதக் கடிதத்தில் அஸ்திவாரம் போட்டான். ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு மாடி எழுப்பினான். அக்டோபரில் ஏழாவது மாடியோடு நிறுத்திக்கொண்டான். குளிரில் கான்கிரீட் இறுகாது, உள்வேலைகள் மட்டும் நடக்கின்றன என்று எழுதிவிட்டான். பொய்யிலும் ஒரு நியாயம் வேண்டாமா?

“அஞ்சாவது மாடியை எப்போ எழுதினீங்க?”

“ஆகஸ்டுல ஐயா. அவங்க யாராவது நேர்ல வந்து பாத்துட்டா நான் தொலைஞ்சேன். தூக்கமே இல்லை. கொஞ்சம் மனசு வைங்க.”

சொல்லும்போது அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பெரியவர் அவனுடைய கிண்ணத்தில் இன்னொரு முறை டீ ஊற்றினார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, மியாக்மார் காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தான்.

அவர் காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, கையெழுத்துக் கோட்டின் கீழ் அச்சடித்திருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பேனாவை மூடி அவனிடமே நீட்டினார்.

“நான் போட்டா செல்லாது தம்பி. இந்த வீட்டுக்காரர் தண்ணி பிடிக்கப் போயிருக்கார் போல. நான் வந்தப்போ ஆளே இல்லை, அடுப்பு அணையற மாதிரி இருந்துது. அப்படியே விடலாமா? கரியைப் போட்டு டீயும் வச்சேன்.”

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளில்லாத கூடாரத்துக்குள் முதலில் வருகிறவர் அடுப்பை மூட்டுவதும், அடுத்து வருகிறவருக்கு டீ ஊற்றுவதும் எல்லோரும் செய்வதுதான். மியாக்மாரே எத்தனையோ தடவை செய்திருக்கிறான்.

“அப்போ... நீங்க யாரு ஐயா?”

பெரியவர் கோட்டுக்குள் கையை விட்டு ஓர் அளவு நாடாவை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“அஞ்சாம் மாடி, நாப்பத்து மூணாம் நம்பர் வீடு. ஜன்னலுக்குத் திரை தைக்கணும், அளவெடுத்துட்டு வாங்கன்னு என் வீட்டுக்காரி அனுப்பினா.”