வெறும் மண்டபத்துக்கு ஒரு ஸலாம்

கல்முனைக் கரையிலிருந்த கடற்படை கிளப்பின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி லெப்டினன்ட் விஜேகோனுக்கு உத்தரவு. சண்டை முடிந்து ஒரு வருடமாகியும் அவருக்கு அலுப்புத் தீரவில்லை. சுனாமிக்குத் தப்பி நின்ற ஒரு வீடு, உள்ளே நாலு கேரம் பலகை. இதில் என்ன வரலாறு?

கூட்டித் துடைக்கும் காலிதீன் வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் மண்டபத்தைப் பார்த்து ஸலாம் சொன்னார்.

அறைக்குள்ளிருந்தே விஜேகோன் கேட்டார்: "யாருக்கு ஸலாம், காலிதீன் நானா? கேரம் பலகைக்கா?"

"ஊட்டுக்குள்ள வரக்குள்ள ஆள் இல்லாட்டியும் சொல்லோணும் சேர். எங்கட வழக்கம்."

"இந்த வீட்டுக்காரரைத் தெரியுமா?"

"ஓம் சேர். பொஞ்சாதியும் ரெண்டு புள்ளைகளும் சுனாமியில மௌத்து. இனி இந்த ஊடு வேணாமெண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திட்டாரு."

"இப்ப எங்கே?"

"வேணாமெண்டாலும் போக ஏலல்ல போல. இஞ்சதான் இரிக்காரு."

பெயரையாவது எழுதுவோமென்று விஜேகோன் வீட்டை ஒப்படைத்த பழைய கோப்பைத் திறந்தார். கடைசித் தாளில், கையொப்பத்துக்குக் கீழே: ஆதம்பாவா காலிதீன்.

அவர் நிமிர்ந்தபோது, தரையைக் கூட்டிவந்த தும்புத்தடி மேசையடிக்கு வந்திருந்தது.

"சேர், காலைக் கொஞ்சம் தூக்குங்க," என்றார் வீட்டுக்காரர்.