உங்க பொண்ணா இருந்தா?

“உள்ள போனதும் நீ ஒண்ணும் பேசக் கூடாது. எல்லாத்தையும் நான் பேசிக்கறேன்.”

காரை விட்டு இறங்கும் முன்பே அப்பா மகளுக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டார். அவள் கார்க் கதவை அறைந்து சாத்தினாள், அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு மாதமாக இதே ரகளை. வேதியியல் படிக்க அவளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று, ஊரில் பாதியை வளைத்துப் போட்டிருக்கும் அரசுப் பல்கலைக்கழகம். இன்னொன்று, நுழைந்த வேகத்தில் நடந்தால் பின்வாசலில் போய் முட்டிக்கொள்ளும் இந்தச் சின்னத் தனியார் பல்கலைக்கழகம். ஏதாவது ஒன்றை இன்று சாயங்காலத்துக்குள் உறுதி செய்தாக வேண்டும். செய்தால் மற்றது கைநழுவிப் போய்விடும்.

அவளுக்குப் பெரியதுதான் வேண்டும். அந்த நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. வேதியியலில் ஆரம்பித்து நடுவில் கடலைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ படிக்கத் தோன்றினால், அதற்கும் அங்கே ஒரு துறை இருக்கும்.

அப்பாவுக்கோ அதன் பேரைச் சொன்னாலே முகம் சுருங்கும். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பாய், வாத்தியாருக்கு உன் முகம்கூடத் தெரியாது, நல்ல தராசையெல்லாம் துறைத்தலைவர் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொள்வார் என்று கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி அடுக்குவார். பெற்ற பெண்ணைத் தெரிந்தே அங்கே தள்ள மாட்டேன் என்பது அவர் கட்சி.

வேதியியல் துறை வாசலில் வெள்ளைக் கோட்டுடன் ஒரு ஆசிரியை காத்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார். பிறகு பளிச்சென்று சிரித்து, வாங்க சார் என்று உள்ளே அழைத்துப் போனார்.

ஆய்வகம் கண்ணாடி மாதிரி இருந்தது. வகுப்புக்குக் கொஞ்சம் பேர்தான் என்றார் ஆசிரியை. ஆளுக்கொரு மேஜை, தராசுக்காக வரிசையில் நிற்க வேண்டாம், ஒரு பிள்ளை முகம் வாடியிருந்தால்கூட எங்களுக்குத் தெரிந்துவிடும் என்றார். அப்பா மகளை ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்று அர்த்தம்.

சுவரோரம் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துணுக்கை எடுத்து அதன் வாயில் பிடித்தார். காகிதம் உள்பக்கமாகப் படபடத்தது. “நல்லா இழுக்குதே” என்று குழந்தை மாதிரி பூரித்துப் போனார்.

சார் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார்.

“கவர்ன்மென்ட் வேலைதான்” என்றார் அப்பா. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த மகளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அதற்கப்புறம் அப்பா விடவில்லை. கருவி பழுதானால் யார் பார்ப்பார்கள், அமிலக் கழிவை எங்கே கொட்டுவீர்கள், சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டார். ஆசிரியை ஒன்றுக்கும் அசரவில்லை. கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்புதான் கூடிக்கொண்டு போனது.

மகளுக்குப் பொறுக்கவில்லை. வாய்ப்பூட்டை அவளே உடைத்தாள்.

“மேடம், ரெண்டாவது வருஷத்துல எனக்கு வேற சப்ஜெக்ட் பிடிச்சிருந்தா மாறிக்கலாமா?”

“மாறிக்கலாம்மா. ஆனா எங்ககிட்ட இருக்கறதே நாலு டிபார்ட்மென்ட்தான்” என்றார் ஆசிரியை. பொய் சொல்ல வராத மனுஷி போலிருக்கிறது. அப்பா குறுக்கே புகுந்து, ஒன்றை ஒழுங்காகப் படித்தால் போதாதா என்று பேச்சை வெட்டினார்.

சுற்றி முடித்து மூவரும் ஆசிரியையின் அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குப் பரம திருப்தி, நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி என்ன பேசினாலும் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. படிக்கப் போவது தான், முடிவு செய்வது இவரா என்று மனசுக்குள் பொருமினாள்.

அவள் முகத்தைப் பார்த்து அப்பாவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. தான் சொன்னால்தானே ஏற்க மாட்டாள், நாலு பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் வாயால் கேட்டால் சமாதானமாகிவிடுவாள் என்று ஒரு கணக்குப் போட்டார்.

“மேடம், மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க. இவ உங்க பொண்ணா இருந்தா எங்க சேர்ப்பீங்க?”

ஆசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மகளைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“போன வருஷம் நீங்க உங்க லேப்பைச் சுத்திக் காட்டினதப் பார்த்துட்டு, என் பொண்ண உங்க யுனிவர்சிட்டிலதான் சேர்த்திருக்கேன் சார்.”