கூட்டுத்தொகை ஒன்பது

ஆயர் குரோவில் விற்பனைக்கு நின்ற பழைய இத்தாலிக் காரைப் பார்த்ததுமே வசந்தன் மனைவிக்குப் போன் செய்தான்.

"மலரு, நம்பரக் கூட்டினா ஒம்பது! டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்கிடு."

காரருகே குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "நம்பரா தம்பி ஓடப்போகுது? பானெட்டத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சு, ஸ்டார்ட் ஆகாத கோளாற மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

தொட்டான். சில்லென்றிருந்தது.

"டைமிங் பெல்ட் மாத்துன பில் கேளுங்க. அது அறுந்தா எஞ்சினே போச்சு. கீழ ஆயில் லேசா கசியுது. ரெண்டாம் கியரும் முரண்டு பிடிக்கும்."

வசந்தன் அசந்துபோனான். "நல்லவேளை அக்கா! ஓனர் இதெல்லாம் சொல்லவே மாட்டாரு. நீங்களும் வாங்க வந்தீங்களா?"

அவள் பில்லையும் சாவியையும் நீட்டினாள்.

"நான்தான்லா ஓனர். இவ்வளவு தெரிஞ்சும் பிடிச்சிருந்தா, எலுமிச்சம்பழம் வாங்கச் சொல்லுங்க."