மூவாயிரம் கிலோமீட்டர்

பழைய கார்களைச் சேகரிக்கும் வேதகிரியின் ஷெட்டில் இரண்டு வெளிநாட்டுக் கார்கள் அருகருகே நின்றன. சிவப்புக் கார் இத்தாலியில் பிறந்தது, சாம்பல் கார் ஜெர்மனியில். இரண்டுக்கும் அறுபது வயது. இரண்டையும் விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சிவப்பு பேச்சுக் கொடுத்தது.

"நீங்க எவ்வளவு ஓடியிருக்கீங்க?"

"ரெண்டரை லட்சம் கிலோமீட்டர். ஆல்ப்ஸ் மலையை மட்டும் நாற்பது தடவை ஏறி இறங்கியிருக்கேன்."

"ஐயோ பாவம், உங்களை யார் வாங்குவா? நான் வெறும் மூவாயிரம். என்மேல ஒரு மழைத்துளிகூடப் பட்டதில்ல."

"மழையில ஓடிப் பாருங்க, நல்லா இருக்கும்" என்றது சாம்பல். சிவப்பு சிரித்துவிட்டது.

மறுநாள் மில் முதலாளி ஒருவர் வந்தார். மீட்டரைப் பார்த்தார், சாம்பலைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இந்தச் சிவப்பு இனிமே ஒரு அடிகூட ஓடக் கூடாது" என்று சொல்லி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

சாம்பலைக் கோதை என்ற மாட்டு டாக்டர் மலிவாக வாங்கினார். வாங்கிய கையோடு, கொட்டுகிற மழையில் வால்பாறைக்குக் கிளம்பிவிட்டார்.

சிவப்பை ஏசி போட்ட கண்ணாடி அறையில் நிறுத்தினார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பச்சைக் கார் இருந்தது.

"எவ்வளவு ஓடியிருக்கீங்க?" என்று பச்சை விசாரித்தது.

"மூவாயிரம்தான்" என்றது சிவப்பு, பெருமையாக.

"மூவாயிரமா! அவ்வளவு ஊர் சுத்தினீங்களா? நான் பதினொரு கிலோமீட்டர்தான். அதுவும் கப்பல்ல ஏத்துறதுக்காக."

சிவப்பு குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அதெல்லாம் பழைய முதலாளி பண்ணின வேலைங்க. எனக்கு அதுல இஷ்டமே இல்ல."