மானிட்டரில் கை வைத்தது யார்?

காலையில் நான் சரிசெய்துவிட்டுப் போகும் மானிட்டர், மாலையில் மங்கிப் பழுப்பேறியிருக்கும். தினமும் இதே கதை. மறுபடி வெள்ளைத்தாளைப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதோடு ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றுவேன்.

மனைவி இறந்தபின் வீட்டில் நானும் மாமியாரும்தான்.

"அத்தை, என் மானிட்டர்ல கை வெச்சீங்களா?"

"எனக்கெதுக்கு மாப்பிள்ளை அந்தக் கருமம்?"

நான் வேறு பெண் தேடுகிறேனா என்று வேவு பார்க்கிறாரோ?

இன்று மதியமே திரும்பி, ஓசையில்லாமல் கதவைத் திறந்தேன். திரை முழுக்க என் மனைவியின் முகம். அத்தை தன் கையை அந்தக் கன்னத்தை ஒட்டி வைத்தபடி, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"அவ அச்சு அசல் என் நிறம், மாப்பிள்ளை. நீங்க மாத்திட்டுப் போனா வெளுத்துப்போயிடறா. ஆஸ்பத்திரில கிடந்தாளே, அந்த மாதிரி."

கையையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் குறைங்க, அத்தை."